கட்டிலுக்குக் கீழே நான்காவது அட்டை

அத்தியாயம் 14

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடியே கையைக் கீழே தொங்கவிட்டு, உஸ்மா அட்டையில் கட்டிய நாடாவைப் பிடித்து இழுத்தாள். அட்டை ஓசையில்லாமல் வெளியே வந்தது.

அதன்மேல் ஆயிரம் துண்டு ஜிக்சா. மீன்பிடித் துறை, கட்டிக் கிடக்கும் படகுகள், கூடைகளைச் சுற்றிப் பூனைகள். நான்கு ஓரங்களும் முடிந்துவிட்டன. மேல்மூலையில் கையகல வானம் சேர்ந்திருந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் துண்டுக்கு மேல் வைப்பதில்லை என்று அவளாக ஒரு கணக்கு வைத்திருந்தாள். சீக்கிரம் முடித்துவிடப் பயம்.

வயிற்றில் பதினொரு வாரம் ஆகிறது. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாக்டர், இன்னொருத்தி அவள்.

வரும் திங்கட்கிழமை கர்ப்பப்பையின் வாயில் தையல் போட வேண்டும். அதுவரை குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது. வீட்டில் முதுகுவலி என்று சொல்லி வைத்திருந்தாள். மாமியார் மைமூன் அதை நம்பி, தினம் தைலத்தோடு வந்து நிற்கிறாள். கணவன் ஷபீரும் நம்பினான். அதுதான் அவளுக்குச் சுட்டது.

"இனிமே வேணாம் உஸ்மா. பிள்ளையே வேணாம். இன்னொரு தடவை என்னால முடியாது."

பதினைந்து மாதத்துக்கு முன், கபர்ஸ்தானிலிருந்து மண் ஒட்டிய காலோடு வந்து அவன் சொன்னது அது. அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் இப்போது மீறியிருக்கிறாள்.

"மகளே! முழிச்சிருக்கியா?"

மைமூனின் குரல் கதவுக்கு வெளியே கேட்டதும் அட்டை கட்டிலுக்குக் கீழே போனது.

"வாங்க மாமி."

மைமூன் தலையை மட்டும் நீட்டினாள். வெளியே கிளம்பும் உடுப்பு, தோளில் கைப்பை. "சாயங்காலம் மவுலூது ஓத எல்லாரும் வருவாங்க. நீ ஒரு வேலையும் செய்யக்கூடாது, புரியுதா? நெய்ச்சோறு எல்லாம் கேட்டரிங்ல வந்துடும். நானும் ஷபீரும் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போயிட்டு வரோம்."

"அங்க என்ன மாமி?"

"அது சர்ப்ரைஸ் லா." மைமூன் சின்னப் பெண்ணைப்போலச் சிரித்துவிட்டுப் போனாள்.

உஸ்மாவும் சிரித்தாள். மாமியின் சர்ப்ரைஸ் என்றால் பெரும்பாலும் ஒரு புடவை. கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் வேறென்ன வரும்?

*

பிரிக்பீல்ட்ஸில் வண்டி நிறுத்த இடமில்லை. மூன்று சுற்று சுற்றி, கடைசியில் ஒரு மாலைக்கடை முன்னால் ஷபீர் வண்டியை ஒட்டி நிறுத்தினான்.

"அஞ்சு நிமிஷம்தான் உம்மா. சம்மன் வந்தா நீங்கதான் கட்டணும்."

"கட்டறேன் போ. பெத்த தாய்கிட்ட கணக்குப் பாக்கறான் பாரு."

முகுந்தனின் பிரேம் கடை சந்துக்குள் இருந்தது. சுவர் முழுக்க முருகனும் மகாலட்சுமியும் பட்டமளிப்பு விழாக்களும். முகுந்தன் ஆணியை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிறவர்.

"வாங்க ஆன்டி! உங்க ஐட்டம் ரெடி. பாஸ், நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, கனம் ஜாஸ்தி."

பழுப்புத் தாளைப் பிரித்தார்.

ஷபீரின் கை அப்படியே நின்றது.

நீலச் சுவர். அதில் வரிசை வரிசையாகக் கதவுகள், பச்சை, மஞ்சள், செங்கல் நிறம். கதவுகளுக்கு நடுவே ஜன்னல்கள், ஜன்னல்களில் பூந்தொட்டிகள். ஆள் இல்லை, பறவை இல்லை. ஆயிரத்து ஐந்நூறு துண்டு.

அந்தப் பெட்டியை வாங்கி வந்தவனே அவன்தான். டாக்டர் உஸ்மாவைப் படுத்தே இருக்கச் சொன்ன மறுநாள்.

"மூணு கோட்டு பசை ஆன்டி," என்றார் முகுந்தன் பெருமையோடு. "முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு. அதுக்கு மேல கெட்டி அட்டையில பதிச்சிருக்கேன். இனி தலைகீழாக் கவுத்தாலும் ஒரு துண்டு விழாது. நான்தான் போன் போட்டுக் கேட்டேனே, ஒட்டிட்டா திரும்பப் பிரிக்க முடியாது, ஓகேவான்னு."

"நல்லா ஒட்டுங்கன்னு நான்தானே சொன்னேன்." மைமூன் பிரேமைத் தடவிப் பார்த்தாள். "சும்மா துணியில சுத்தி கட்டிலுக்குக் கீழ போட்டு வச்சிருந்தா என் மருமக, தம்பி. இத்தனை நாள் உழைப்பு, ஒருநாள் கை தட்டினா எல்லாம் உதிர்ந்துடாது?"

"உம்மா." ஷபீர் அவள் பக்கம் திரும்பினான். "இதை ஏன் எடுத்தீங்க?"

"ஏன்னா? செலாயாங்ல இருக்காளே உன் மாமி, போன வருஷம் மவுலூதுக்கு வந்து என்ன கேட்டா தெரியுமா? உன் மருமக எப்பப் பாத்தாலும் படுத்தே கிடக்காளே, அவளுக்கு என்னதான் தெரியும்னு கேட்டா. எனக்கு அன்னைக்கே நெஞ்சு எரிஞ்சுது. இன்னைக்கு வந்து பாக்கட்டும். ஹால்ல, எல்லாரும் உக்காந்து ஓதற இடத்துல மாட்டப்போறேன்."

"அவகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்வா. கூச்சம் பிடிச்சவ. ரெண்டு வாரம் முந்தி பல் டாக்டர்கிட்டப் போனா பாரு, அன்னைக்கு எடுத்தேன். எதை எடுக்கறதுன்னுதான் குழப்பம். உசுருள்ள படத்தை ஓதற இடத்துல மாட்டக்கூடாது. ஒண்ணுல கிளி, ஒண்ணுல குதிரை, மேல இருந்ததுல பூனை மாதிரி என்னமோ ஓரத்துல வால் தெரிஞ்சுது. நாலுல இது ஒண்ணுதான் சுத்தமா இருந்துச்சு."

முகுந்தன் நூலைக் கட்டிக்கொண்டிருந்தார். ஷபீர் அம்மாவைப் பார்த்தான்.

"எத்தனைன்னு சொன்னீங்க?"

"நாலு."

"மூணுதானே உம்மா?"

"எனக்கு எண்ணத் தெரியாதா? மூணு துணி சுத்தி இருந்துச்சு. ஒண்ணு சுத்தாம, பாதியில. ஓரம் மட்டும் வச்சிருந்தா. அதை அலுங்காம எடுத்து வச்சிட்டு இதை உருவறதுக்குள்ள என் இடுப்பு போச்சு. ஏன்டா, உன் முகம் ஏன் இப்படிப் போகுது?"

ஷபீர் பிரேமைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான்.

*

ஃபெடரல் ஹைவேயில் மைமூன் பேசிக்கொண்டே வந்தாள். அவன் காதில் ஒன்றும் ஏறவில்லை.

உஸ்மா சும்மா பொழுதுபோக்குக்கு ஜிக்சா வைப்பவள் அல்ல. முதல் தடவை டாக்டர் படுக்கச் சொன்னபோது அவள் அக்கா அனுப்பிய பெட்டியில் கிளிகள் இருந்தன. அந்தப் பிள்ளை ஏழு வாரத்தில் கலைந்தது. இரண்டாவது குதிரைகள், ஒன்பது வாரம். மூன்றாவது இந்தக் கதவுகள். பிள்ளை ஐந்து மாதம் தங்கியது. ஐந்து மாதப் பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், அடக்க வேண்டும். ஹாரிஸ் என்று பெயர் வைத்தார்கள். மருத்துவமனையின் மூன்றாவது மாடி வராந்தாவில் ஒரு நர்ஸ் வெள்ளைத் துணிப் பொதியை அவன் கையில் கொடுத்தாள். ஒரு கிலோ சீனிகூட அதைவிடக் கனம்.

உஸ்மா வீட்டுக்கு வந்த பிறகு, நாற்பது நாளில், பேசாமல் உட்கார்ந்து மிச்சத் துண்டுகளை வைத்து முடித்தாள். அலமாரியில் பிரிக்காமல் இருந்த பெட்டிகளை எல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

"இனிமே நான் இதைத் தொட்டா, அதுக்கு ஒரே காரணம்தான் மச்சான் இருக்கும்," என்றாள் அன்றைக்கு.

முதுகுவலி. பல் டாக்டர். இரண்டு மாதமாகக் காப்பி வாசனை பிடிக்கவில்லை என்றது. ஒவ்வொன்றாக வந்து அவன் மனதில் உட்கார்ந்தன.

"டேய், சிவப்பு லைட்டு!" மைமூன் கத்தினாள். அவன் பிரேக்கை மிதித்தான்.

*

வீட்டு வாசலில் கேட்டரிங் லோரி வழியை அடைத்து நின்றது. ஷபீர் வண்டியை அடுத்த தெருவில் விடப் போனான். வாசலில் இறக்கிய பிரேமை உள்ளே கொண்டுபோக மறந்தே போனான். லோரியில் வந்த இரண்டு பேரைப் பிடித்து மைமூன் அதை உள்ளே கொண்டு போனாள். மாமனார் அப்துல் கனி காலையிலேயே ஆணி அடித்து வைத்திருந்தார்.

"மகளே! மெதுவா எழுந்து வா. கண்ணை மூடிக்க."

உஸ்மா சுவரைப் பிடித்தபடி ஹாலுக்கு வந்தாள். புதுப்பாய் விரித்திருந்தார்கள். சாம்பிராணித் தட்டு தயாராக இருந்தது.

"இப்பத் திற!"

திறந்தாள்.

மைமூன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்துல் கனி கையைக் கட்டிக்கொண்டு, "நல்லா இருக்கும்மா. கடையிலகூட வைக்கலாம்," என்றார்.

உஸ்மா கிட்டே போனாள். பிரேமுக்குக் கண்ணாடி இல்லை. ஒரு பச்சைக் கதவின் மூலையில் நகத்தை வைத்தாள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கோட்டைத் தேடினாள். கோடு கண்ணுக்குத் தெரிந்தது, நகத்துக்குத் தட்டுப்படவில்லை. மேலே வழுவழுவென்று பசை.

"ஒட்டிட்டீங்களா மாமி?"

"மூணு கோட்டு! இனி ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்."

உஸ்மா தலையாட்டினாள். திரும்பி அறைக்கு நடந்தாள். அழவில்லை. அதுதான் மைமூனைப் பயமுறுத்தியது. பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்ன புள்ள? பிடிக்கலையா? நான் கேக்காம எடுத்தது தப்புதான். ஆனா பாழாப் போயிடக்கூடாதுன்னுதான்..."

"பாழாப் போகாம வச்சிருந்தேன் மாமி."

வைத்திருந்தாள். முதலில் கிளிகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்ததில், கிள்ளான் ஈரத்தில் மூன்றே மாதத்தில் வால் பக்கம் பூஞ்சை பிடித்தது. அதைப் பஞ்சால் துடைத்து எடுத்தாள். அப்புறம் பிளாஸ்டிக்கே கிடையாது. கடையில் துணிச் சுருள் தீர்ந்ததும் தூக்கிப்போடும் கெட்டி அட்டைகளைக் கேட்டு வாங்கி, படத்துக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று வைத்தாள். சுற்றிலும் மல் துணி. கட்ட, புடவைக் கரைத் துண்டு. ஹேண்ட்பேக் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மூலைக்கு ஒன்றாகச் செருகினாள். பெரியது அடியில், சின்னது மேலே, எப்போதும் படுக்கை வசத்தில். மாதம் ஒருமுறை எடுத்து ஃபேன் காற்றில் விரிப்பாள்; குனியக்கூடாது என்றானதிலிருந்துதான் எடுக்கவில்லை. ஒரு துண்டுகூட நகர்ந்ததில்லை.

"அப்புறம் என்ன? இவ்வளவு பார்த்துப் பார்த்து வச்சவ, ஒட்டினா இன்னும் நல்லதுதானே?"

"ஒட்டக்கூடாதுன்னுதான் மாமி ஒட்டல." உஸ்மா கட்டிலில் உட்கார்ந்தாள். "ஒவ்வொண்ணும் ஒரு பிள்ளைக்காகப் படுத்திருந்தப்ப வச்சது. கிளி முதல் பிள்ளை. குதிரை ரெண்டாவது. இது ஹாரிஸோடது. என்னைக்காவது ஒரு பிள்ளை தங்கி, தவழ்ந்து வந்து, கட்டிலுக்குக் கீழ கையை விட்டு எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக் கலைக்கணும். கிளி, குதிரை, கதவு எல்லாம் ஒண்ணாக் கலக்கணும். நான் உக்காந்து திட்டிக்கிட்டே பொறுக்கணும். அதுக்குத்தான் மாமி வச்சிருந்தேன்."

மைமூன் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள்.

ஐந்து மாதமும் இவளுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். இதே கட்டிலில் இதே நீலத் துண்டுகளைப் பார்த்திருக்கிறாள். தட்டை வைக்க இடமில்லை என்று திட்டியும் இருக்கிறாள். எந்தப் படம் எந்தப் பிள்ளைக்கு என்று மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. உயிருள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"யா அல்லா. என்ன காரியம் செஞ்சேன்." அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு மெல்லத் தலை நிமிர்ந்தாள். "அப்ப... மேல இருந்ததே, ஓரம் மட்டும் வச்சது?"

உஸ்மாவின் கை வயிற்றின் மேல் போனது.

"மகளே. நாலாவது யாருக்கு?"

"மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே மாமி சொல்வீங்க."

மைமூனின் கண்கள் நிறைந்தன. மருமகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கணமே அந்தக் கை தளர்ந்தது.

"நான் ஷபீர்கிட்டச் சொல்லிட்டேனே. நாலு இருந்துச்சுன்னு."

சாத்திய கதவு திறந்திருந்தது. ஷபீர் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று இருவருக்கும் தெரியவில்லை.

"உம்மா, வெளிய ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க," என்றான்.

மைமூன் எழுந்தாள். போகும்போது மகனின் கையைப் பிடித்தாள். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

*

ஷபீர் தரையில் மண்டியிட்டு நாடாவை இழுத்தான். ஓரத்துப் பாதிப் படகுகளும் பாதிப் பூனைகளும் வெளியே வந்தன. வெகுநேரம் அதையே பார்த்தான்.

"எத்தனை வாரம்?"

"பதினொண்ணு."

"முதுகுவலி."

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

"உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் உன் புருஷன்."

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவன் பார்வையை அட்டைக்குத் திருப்பினான்.

"அதான்," என்றாள் உஸ்மா. "வேணாம்னு சொல்லியிருப்பீங்க. நான் கேக்க மாட்டேன்னு சொல்லியிருப்பேன். இந்த ரெண்டு மாசமும் சண்டையில போயிருக்கும். டாக்டர் நிம்மதியா இருக்கச் சொன்னாங்க மச்சான். பொய் சொன்னாத்தான் நிம்மதியா இருக்க முடிஞ்சுது."

"எனக்கு நீ சத்தியம் செஞ்சிருந்த."

"தலையாட்டினேன். அன்னைக்கு இருந்த நெலமையில வீட்டை எழுதிக்குடுன்னு கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன்."

"விளையாடாத உஸ்மா. பொதியைத் தூக்கிட்டுப் போனது நான்."

"சுமந்தது நான்."

ஹாலில் சலாம் சொல்லும் குரல்கள் பெருகின. ஓதவந்த ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். புகழ்ப்பாட்டான பைத்து ஆரம்பமானது. நாற்பது ஆண்களின் குரல் ஒரே நேரத்தில் எழ, அறையின் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

ஷபீர் எழுந்து வெளியே போனான்.

போய்விட்டான் என்று நினைத்தாள் உஸ்மா. வண்டிச் சாவி எடுக்கும் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். அது கேட்கவில்லை. பைத்து மட்டும் ஓரிடத்தில் தடுமாறி, மறுபடி சேர்ந்துகொண்டது.

அவன் திரும்பி வந்தபோது கையில் பிரேம் இருந்தது. வரிசையாக உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டிப் போய், ஆணியிலிருந்து கழற்றி வந்திருந்தான். பின்னாலேயே செலாயாங் மாமியின் குரல் வந்தது. "ஏன் ஷபீர், அழகாத்தானே இருந்துச்சு? யாரு செஞ்சது?" அவன் காலால் கதவைத் தள்ளிச் சாத்தினான்.

கட்டிலுக்குக் கீழே தள்ளப் பார்த்தான். நுழையவில்லை. மரச்சட்டம் தடிமனாக இருந்தது. சாய்த்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். கடைசியில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, படம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தினான். அதன்மேல் அவளுடைய தொழுகைத் துணியை எடுத்துப் போர்த்தினான்.

பிறகு தரையில் இருந்த அட்டையை இரண்டு கையாலும் சமமாகப் பிடித்து, ஒரு துண்டும் அசையாமல் கட்டிலுக்குக் கீழே விட்டான்.

உஸ்மா தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

"தையல் எப்போ?" என்று கேட்டான், அவளைப் பார்க்காமல். அடுத்த தடவை தையல் போட வேண்டும் என்று ஹாரிஸ் போனபோதே டாக்டர் சொல்லியிருந்ததை அவன் மறக்கவில்லை.

"திங்கட்கிழமை. காலையில எட்டு மணிக்கு அங்க இருக்கணும்."

"கொண்டு போய் விடறேன்."

அவள் கண்ணை மூடினாள். ஏழு வாரமாக நெஞ்சில் கட்டிவைத்திருந்த மூச்சு வெளியேறப் பார்த்தது.

"ஆனா உள்ள வரமாட்டேன்." அவன் குரல் இறங்கிப் போயிருந்தது. "கோவம் இல்ல. என்னால முடியாது. அந்த மூணாவது மாடி, அந்த வராந்தா. வாசல்ல இறக்கிவிடறேன். முடிஞ்சதும் போன் பண்ணு, வந்து கூட்டிட்டுப் போறேன்."

கண்ணைத் திறந்து உஸ்மா அவனைப் பார்த்தாள். மெலிந்திருந்தான். இரண்டு மாதமாக அவனை நேராகப் பார்க்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"உள்ள வரலைன்னா, கொண்டு வந்து விடவும் வேணாம் மச்சான்," என்றாள். "நான் கிராப் டாக்ஸி எடுத்துப் போயிக்கிறேன்."

ஹாலில் துஆவுக்கு எல்லோரும் கையேந்தும் நேரம். "ஷபீர் எங்கே? ஷபீர்!" என்று அப்துல் கனி கூப்பிட்டார்.

ஷபீர் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.